பால் வற்றிய மரமும் மூவார் நாற்காலியும்

(நமது அறநிலையத்தின் ஆண்டு விழாவில், அன்னதான மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அன்னை மகாமாரியம்மனின் திருவடிகளை வணங்கி என் உரையைத் தொடங்குகிறேன்.

தலைவர் அவர்கள் என்னை அழைத்து, "பக்தியும் தொண்டும் என்ற தலைப்பில் பேசுங்கள்" என்றார். நானோ நாற்காலியைப் பற்றிப் பேசப் போகிறேன். தலைவர் பொறுத்தருள வேண்டும். கடைசியில் தொண்டுக்கு வந்து சேர்ந்துவிடுவேன் என்று உறுதி கூறுகிறேன்.

இன்று நீங்கள் அமர்ந்திருக்கும் நாற்காலிகள் 160. உணவு மேசைகள் 40. சென்ற ஆண்டு வரை, கால் விரிந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில்தான் இங்கே அன்னதானம் நடந்தது. ஆடிப் பெருவிழாவில் ஒரு பாட்டி நாற்காலியோடு சரிந்து விழுந்ததைப் பலர் பார்த்திருப்பீர்கள். அன்றே செயலவை கூடி, நல்ல மர நாற்காலிகள் வாங்குவது என்று முடிவு செய்தது. வாங்கி வரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் 1985 முதல் 1989 வரை மூவார் வட்டாரத்தில் ஆசிரியராக இருந்தவன் என்பதுதான் காரணம். நாற்காலி என்றால் மூவார், மூவார் என்றால் நாற்காலி என்பது இந்த நாட்டில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி.

சோறு போட்ட மரம்

மூவாருக்குப் போகுமுன் நம் தோட்டத்துக்குப் போய் வருவோம்.

நான் ரந்தாவுக்கு அருகில் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவன். என் தந்தையார் பால்மரம் சீவியவர். தாயார் வெளிக்காட்டு வேலை செய்தவர். விடியுமுன் பெரட்டுக்குப் போய், தம் நிரையில் நின்று, ஒவ்வொரு மரமாக உளியால் பட்டையைச் சீவி, மங்கைக் கவிழ்த்து வைத்திருந்ததை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போவார்கள். பிறகு காண்டாவில் இரண்டு வாளிகளைத் தொங்கவிட்டுப் பாலைச் சேகரித்துக் கொட்டகைக்குச் சுமந்து வருவார்கள். இங்கிருக்கும் பெரியவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. அவர்கள் தோள் அதைச் சொல்லும்.

ஆலயத்துக்குத் தல விருட்சம் உண்டு என்பார்கள். நம் தோட்டத்து அம்மனுக்கு வேம்பும் அரசும் தல விருட்சங்கள். ஆனால் அந்த அம்மனுக்கு விளக்கேற்றிய எண்ணெயும், கூழ் காய்ச்சிய கேழ்வரகும், திருவிழாக் கொடித்துணியும் வந்தது பால்மரத்திலிருந்து. 1876இல் பிரேசிலிலிருந்து விதையாக இலண்டன் கியூ தோட்டத்துக்குப் போய், அடுத்த ஆண்டு 22 கன்றுகளாகச் சிங்கப்பூர் வந்து சேர்ந்த மரம் அது. 1896இல் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் என்பவர் வாணிபத்துக்காக முதலில் பயிரிட்டார். அதன் பிறகு நம்முடைய முன்னோர்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கிய கதை நீங்கள் அறிந்ததே.

பால்மரத்துக்கு ஆயுள் கணக்கு உண்டு. நட்டு ஆறேழு வருடத்தில் உளி படும். 25, 30 வருடத்தில் பால் குறைந்துவிடும். கடைசி ஓரிரண்டு வருடங்கள் மேலும் கீழுமாக இரக்கமில்லாமல் சீவிப் பாலை எடுப்பார்கள். பிறகு மரத்தைச் சாய்த்துவிடுவார்கள். சில இடங்களில் விஷம் வைத்து, நின்ற நிலையிலேயே சாகவிடுவதும் உண்டு.

1967ஆம் ஆண்டு, எனக்கு எட்டு வயது. எங்கள் தோட்டத்தில் பழைய மரங்களைச் சாய்த்து மறுநடவுக்கு நிலத்தைத் தயார் செய்தார்கள். கொஞ்சம் விறகுக்குப் போயிற்று. கொஞ்சம் ரப்பர் காயவைக்கும் புகைக் கொட்டகைக்குப் போயிற்று. மீதியெல்லாம் குவித்துத் தீ வைத்தார்கள். இரவெல்லாம் வானம் சிவந்து கிடந்தது. என் தந்தையார் வாசலில் குந்தி அதைப் பார்த்துக் கொண்டே இருந்தார். அவர் 19 வருடம் சீவிய நிரை அது. "ஏம்ப்பா கொளுத்துறாங்க, பலகை அறுக்கலாம்ல?" என்று கேட்டேன். "அது எதுக்கும் உதவாதுடா. ரெண்டே மாசத்துல உளுத்துப் போயிடும். பால் இருக்கிற வரைக்கும்தான் அதுக்கு மதிப்பு" என்றார்.

அவர் சொன்னது அன்றைக்கு உண்மை. தோட்டத்தில் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். மரத்தைப் பற்றி மட்டும் சொல்லவில்லை, ஐம்பது வயதைக் கடந்த தொழிலாளியைப் பற்றியும் அப்படித்தான் சொன்னார்கள்.

நான் வாழ்ந்த மூவார்

1985ஆம் ஆண்டு எனக்கு மூவார் வட்டாரத்துக்கு மாற்றல் வந்தது. அப்போது வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையடையவில்லை. தம்பின், ஜாசின், தங்காக் என்று பேருந்து மாறி மாறிப் போக வேண்டும். துணிக்கடைகளுக்குப் பேர்போன தங்காக்கைத் தாண்டினால், மூவார் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் ஊர். ஆற்றின் மேல் 1967இல் திறக்கப்பட்ட சுல்தான் இஸ்மாயில் பாலம். பண்டார் மகாராணி என்பது அந்த ஊரின் இன்னொரு பெயர். 2012இல் ஜொகூரின் அரச நகரமாகவும் அது அறிவிக்கப்பட்டது.

நான் குடியிருந்தது ஒரு கடை வீட்டின் மாடியறை. கீழே ஒரு சீனர் தம் இரண்டு மகன்களோடு கட்டிலும் அலமாரியும் செய்து கொண்டிருந்தார். காலையில் கண் விழிப்பது இழைப்புளிச் சத்தத்தில். துணி உலர்த்தினால் மரத்தூள். சாயத்தின் நெடி சோற்றுக்குள்ளும் வரும். தெருவுக்கு இரண்டு மூன்று பட்டறைகள் அப்படி இருந்தன. நான் அங்கிருந்த நான்கு வருடத்தில் என் கண்ணெதிரே அந்தப் பட்டறைகள் ஊருக்கு வெளியே, பக்ரி, புக்கிட் பாசிர் பக்கம் தகரக் கூரை போட்ட தொழிற்சாலைகளாக மாறின. என் வீட்டுக்காரரும் 1988இல் பட்டறையை மூடிவிட்டு அங்கே இடம் வாங்கினார்.

ஒரு நாள் அவர் பட்டறையில் இறங்கிய பலகையைத் தொட்டுப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று, லேசான மஞ்சள் கலந்து இருந்தது. "என்ன மரம் தவுக்கே?" என்று கேட்டேன். "உங்க மரம்தான், கெத்தா" என்று சிரித்தார். கெத்தா என்றால் மலாய்மொழியில் ரப்பர். நான் நம்பவில்லை. எதற்கும் உதவாது என்று என் தந்தையார் சொன்ன மரம், அங்கே சாப்பாட்டு மேசையாகிக் கொண்டிருந்தது.

நாட்டில் நடந்தது இதுதான். கெப்போங் வன ஆராய்ச்சிக் கழகத்தில் பல வருடமாக ரப்பர் மரத்தைச் சோதித்துப் பார்த்து, அது கெட்டுப் போகாமல் காக்கும் வழியைத் தெளிவாக்கினார்கள். 1970களின் இறுதியிலும் 1980களிலும் அந்த வழி ஆலைகளுக்குப் பரவியது. காட்டு மரத்தின் விலை ஏறிக் கொண்டிருந்த காலம். தோட்டங்களிலோ ஆண்டுதோறும் மறுநடவுக்காக மரங்கள் சாய்ந்து கொண்டிருந்தன. ஜொகூர், மலாக்கா, நெகிரி செம்பிலான் என்று மூன்று மாநிலத்துப் பால்மரக் காடுகளும் மூவாருக்குப் பக்கம். தச்சு வேலை அறிந்த குடும்பங்கள் ஊரில் இருந்தன. தெற்கே சிங்கப்பூரும் பாசிர் கூடாங்கும், வடக்கே கிள்ளான் துறைமுகமும் ஏற்றுமதிக்கு வசதியாக இருந்தன. இவ்வளவும் சேர்ந்துதான் மூவாரைத் தளவாட நகரமாக்கின.

1995இல் கோலாலம்பூரில் அனைத்துலகத் தளவாடக் கண்காட்சி தொடங்கியபோது, உலக வணிகர்கள் நம் நாட்டைத் தேடி வந்தார்கள். இன்று நம் நாட்டின் மரத்தளவாட ஏற்றுமதியில் பாதிக்கு மேல் ஜொகூரிலிருந்து போகிறது. ஜொகூருக்குள் முதலிடம் மூவாருக்கு. ஏற்றுமதியாகும் மரத்தளவாடங்களில் ஏறக்குறைய பத்தில் எட்டுப் பங்கு ரப்பர் மரத்தில் செய்தவை. அமெரிக்காவில் ஒரு குடும்பம் இன்று இரவு உணவுக்கு அமரும் மேசை, சிலியாவிலோ பஹாவிலோ நம் அக்கா தங்கைகள் சீவிய மரமாக இருக்கலாம்.

மறுபடியும் மூவாருக்கு

சென்ற ஆண்டு நாற்காலி வாங்க நானும் பொருளாளரும் காரில் புறப்பட்டோம். இப்போது தங்காக்கில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால் சற்று நேரத்தில் ஊர். ஆற்றங்கரையும் பழைய கட்டடங்களும் அப்படியே இருக்கின்றன. நான் குடியிருந்த மாடியறைக்குக் கீழே இப்போது காப்பிக்கடை. உட்கார்ந்து ஒரு காப்பி குடித்தோம். மூவார் காப்பியின் சுவை குறையவில்லை.

இரண்டு மூன்று இடங்களில் விலை கேட்டோம். பெரிய ஆலைகள் கப்பலுக்குப் பெட்டி பெட்டியாக அனுப்புகிறவை. 160 நாற்காலி அவர்களுக்கு ஒரு கணக்கே இல்லை. ஒருவர் மட்டும், "பக்ரி பக்கம் ஒரு இந்தியர் சின்னப் பட்டறை வைத்திருக்கிறார். அவரைப் போய்ப் பாருங்கள்" என்று வழி சொன்னார்.

போனோம். பன்னிரண்டு பேர் வேலை செய்யும் பட்டறை. முதலாளி என்று வந்தவருக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். தலைமுடியெல்லாம் மரத்தூள். என்னைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு குனிந்து என் காலைத் தொட்டார்.

"சார், என்னைத் தெரியுதா?" என்றார்.

தெரியவில்லை. 37 வருட ஆசிரியப் பணியில் எத்தனை முகங்கள்! அவர் தோட்டத்தின் பெயரையும் தம் தந்தையார் பெயரையும் சொன்னார். "ஆறாம் வகுப்பு, 1983. கடைசி வரிசை சார்" என்றார்.

அப்போது நினைவு வந்தது. வந்திருக்க வேண்டாமே என்று தோன்றியது.

அந்தப் பையனுக்குப் படிப்பு ஏறவில்லை. வாய்பாடு வராது. மலாய் வாசிக்கத் திணறுவான். ஆனால் கை சும்மா இருக்காது. குச்சியில் வண்டி செய்வான். உடைந்த மேசைக் காலுக்கு ஆப்பு அடிப்பான். ஒரு நாள் அவன் தந்தையார் பள்ளிக்கு வந்து, "என் பிள்ளை எப்படிங்க வாத்தியாரே?" என்று கேட்டார். அப்போது எனக்கு 24 வயது. அறிவு குறைவு, அதிகாரம் நிறைவு. பையனை அருகில் நிறுத்திக் கொண்டே, "இவன் எதுக்கும் உதவ மாட்டான். உங்களோட மரம் சீவ அனுப்புங்க" என்று சொன்னேன். அந்தத் தந்தை ஒன்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்து கொண்டு போனார். நான் அதை அன்றே மறந்துவிட்டேன்.

அவர் மறக்கவில்லை. ஆனால் கோபத்தோடும் சொல்லவில்லை. புகுமுக வகுப்பு முடித்து, படிவம் மூன்றில் எஸ்.ஆர்.பி. தேர்வில் தோற்று, 17 வயதில், 1988இல், மூவாருக்கு மரம் அறுக்க வந்தாராம். "அப்ப நான் இங்கேதானே இருந்தேன்!" என்றேன்.

"தெரியும் சார். தைப்பூசத்தன்னிக்கு மூவார் கோயில்ல உங்களைப் பார்த்தேன். தூணுக்குப் பின்னாடி ஒளிஞ்சிக்கிட்டேன்" என்றார்.

அன்பர்களே, ஓர் ஆசிரியருக்கு இதைவிடப் பெரிய தண்டனை வேண்டுமா? ஊர் பேர் தெரியாத இடத்தில், தெரிந்த ஒரே முகத்தைக் கண்டு ஒரு பிள்ளை ஒளிந்து கொண்டிருக்கிறான்.

காப்பிக் கோப்பையை அவர் எடுத்தபோதுதான் கவனித்தேன். இடக்கையில் இரண்டு விரல்கள் பாதியோடு நின்றிருந்தன. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம், அறுவை வாளில் போயினவாம். "யாரும் சொல்லிக் குடுக்கல சார். பலகையைத் தள்ள ஒரு கட்டை வெச்சிக்கணும், கையால தள்ளக் கூடாதுன்னு பின்னாடிதான் தெரிஞ்சிது. ஆறு மாசம் யாராச்சும் முறையாக் கத்துக் குடுத்திருந்தா இந்த ரெண்டு விரல் இருந்திருக்கும்." சொக்சோ பணம் கொஞ்சம் கிடைத்ததாம். அத்தோடு ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று எண்ணினாராம். திரும்பினால் வாத்தியார் சொன்னது சரியாகிவிடுமே என்று அங்கேயே இருந்துவிட்டாராம். 22 வருடம் பல ஆலைகளில் உழைத்து, 2010இல் இந்தப் பட்டறையைத் தொடங்கியிருக்கிறார்.

மூன்று நாள் கணக்கு

பிறகு எனக்குப் பாடம் நடத்தினார். நான் கேட்டுக் கொண்டேன். அந்தப் பாடத்தைச் சுருக்கமாக உங்களுக்கும் சொல்கிறேன். உங்கள் நன்கொடைக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கிறது.

ரப்பர் மரத்தில் மாவுச்சத்தும் சர்க்கரையும் அதிகம். அதனால் மரம் சாய்ந்தவுடன் பூஞ்சணம் ஏறிப் பலகை நீலம் பூக்கும். பிறகு வண்டு துளைத்து உள்ளே மாவாக்கிவிடும். என் தந்தையார் பார்த்து "உளுத்துப் போகும்" என்றது இதைத்தான். மரத்தின் மேல் குற்றமில்லை. அதைக் கவனிக்காமல் போட்டு வைத்ததுதான் குற்றம். சாய்ந்த சில நாட்களுக்குள் அதைப் பலகையாக அறுத்து, மருந்து ஏற்ற வேண்டும். "மூணு நாள் சார். அதுக்கு மேல போனா நான் வாங்க மாட்டேன்" என்றார்.

மருந்து என்பது போரக்ஸும் போரிக் அமிலமும் கரைத்த நீர். நீண்ட இரும்பு உருளைக்குள் பலகைகளை அடுக்கி மூடி, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, அந்த நீரை அழுத்தத்தோடு செலுத்துவார்கள். மரத்தின் உள்ளே வரை மருந்து போய்விடும். பிறகு சூட்டறையில் பல நாட்கள் வைத்து, ஈரத்தை நூற்றுக்குப் பத்து அளவுக்குக் குறைப்பார்கள். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் பலகை முறுக்கிக் கொள்ளும், வெடிக்கும். பக்குவமாகக் காய்ந்த பலகையைத் துண்டு துண்டாக்கி, முனைகளைப் பல்லாக வெட்டி, ஒன்றுக்குள் ஒன்றைக் கோத்து ஒட்டி நீளமாக்குவார்கள். நிறம் வெளிறியது என்பதால் எந்தச் சாயத்தையும் அழகாக ஏற்கும்.

பலகைக் குவியலில் ஒன்றை எடுத்துக் காட்டினார். நடுவில் ஒரு முண்டு, அதைச் சுற்றி ரேகை வளைந்திருந்தது. "உளி ஆழமாப் பட்ட காயம் சார். பட்டையைத் தாண்டி மரத்துல ஏறிடுச்சி. யாரோ புதுசா மரம் சீவக் கத்துக்கிட்டவங்க கைவேலை. இது ஏற்றுமதிக்குப் போகாது. கழிச்சுப் போட்டுடுவாங்க. கோயிலுக்குப் போகட்டுமா?" என்று கேட்டார்.

போகட்டும் என்றேன். இந்த மண்டபத்தில் ஏதோ ஒரு நாற்காலியின் பின்கால் அந்தப் பலகையில் செய்தது.

மரத்தின் விலையும் தொழிலாளர் கூலியும் மட்டும் வாங்கிக் கொண்டார். இலாபம் ஒரு வெள்ளி இல்லை. "உபயம் என்று பெயர் எழுதிவிடுகிறோம்" என்றோம். நம் கோயில்களில் மின்விளக்கில் கூட உபயக்காரர் பெயர் எழுதி வெளிச்சத்தில் பாதியை மறைப்பது வழக்கம்தானே! அவர் கையெடுத்துக் கும்பிட்டு, வேண்டாம் என்றுவிட்டார். நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தாலும் அவர் பெயர் இருக்காது. இன்று மேடைக்கு அழைத்தும் வரவில்லை.

தோட்டம் போன பிறகு

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு ஒரே சிந்தனை. 1980களின் தொடக்கத்தில் நம் நாட்டில் ரப்பர் பயிரான நிலம் 20 இலட்சம் ஹெக்டர் அளவு. உலகிலேயே அதிக இயற்கை ரப்பர் விளைவித்த நாடு நாம். இன்று 11 இலட்சம் ஹெக்டர் அளவுக்கு வந்துவிட்டது. அதிலும் தோட்டங்களுக்குச் சொந்தமானது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மீதியெல்லாம் சிறு தோட்டக்காரர்களுடையவை. மரம் கிடைக்காமல் தளவாட ஆலைகள் திண்டாடுவதால், 2017இல் அறுத்த ரப்பர் பலகையை வெளிநாட்டுக்கு அனுப்ப அரசு தடை போட்டது. 1967இல் கொளுத்திய மரம், 2017இல் நாட்டை விட்டு வெளியே போகக் கூடாத பொருளாகிவிட்டது!

நம்முடைய கதையையும் பாருங்கள். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வீடமைப்பு வந்தது. நீலாயும் செண்டாயானும் இன்று நகரங்கள். நம்மவர்கள் லயத்திலிருந்து அடுக்குமாடிக்கு மாறினார்கள். அம்மனையும் பெயர்த்து வந்து இங்கே பிரதிஷ்டை செய்தோம். கோபுரம் கட்டினோம், கும்பாபிஷேகம் கண்டோம். எல்லாம் உங்கள் கொடையால் நடந்தது. ஆனால் தோட்டத்திலிருந்து பெயர்த்துக் கொண்டு வந்த பிள்ளைகளை நாம் எத்தனை நாளுக்குள் கவனித்தோம்?

யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. பி.டி.3 தேர்வு 2022இல் நீக்கப்பட்டது. தேர்வுகள் போயின, கடைசி வரிசை போகவில்லை. நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கு நாம் பொன்னாடை போர்த்துகிறோம், பரிசு கொடுக்கிறோம். அது தேவைதான். படிப்பு ஏறாமல் பள்ளியை விட்டு நிற்கும் பதினேழு வயதுப் பிள்ளையை யார் பார்க்கிறார்கள்? மரத்துக்கு மூன்று நாள். பிள்ளைக்கு மூன்று மாதம், மிஞ்சினால் ஆறு மாதம். அதற்குள் நல்ல கை அவனைப் பிடிக்காவிட்டால், வேறு கை பிடித்துவிடுகிறது. எந்தக் கை என்று நான் இந்தப் புனித இடத்தில் சொல்ல வேண்டியதில்லை. காவல் நிலையத்துக்கு ஓடியலைந்த பெற்றோர்கள் இந்த மண்டபத்திலும் இருக்கிறார்கள்.

எல்லாப் பிள்ளைகளையும் நாற்காலி செய்ய அனுப்புங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. மூவார் ஆலைகளில் நான் பார்த்த தொழிலாளர்களில் பலர் நேபாளத்திலும் வங்காளதேசத்திலும் இருந்து வந்தவர்கள். தூசு, சத்தம், வேலை கடினம். எந்தப் பயிற்சியும் இல்லாமல் போகிறவனுக்குக் கிடைப்பது குறைந்த சம்பளம்தான். விரலுக்கும் ஆபத்து. முறையாகப் பயின்றவன் கணினி பொருத்திய இயந்திரத்தை இயக்குகிறான், வடிவமைக்கிறான், தரம் பார்க்கிறான். மரவேலையோ, மின்வேலையோ, பற்றவைப்போ, குளிர்சாதனமோ, எதுவானாலும் நாட்டில் தொழிற்பயிற்சிக் கழகங்களும் தொழிற்கல்லூரிகளும் இருக்கின்றன. மலேசியத் திறன் சான்றிதழ் படிப்படியாகப் பெறலாம். கட்டணம் பெரிதில்லை. ஆனால் விண்ணப்பம் நிரப்பத் தெரியாமலும், விடுதிச் செலவுக்கும் பாதுகாப்புக் காலணிக்கும் பேருந்துக்கும் வழியில்லாமலும் நம் பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள்.

செயலவை எடுத்த முடிவு

நம் ஆலய மகாமண்டபத்துக்குப் பளிங்குத் தரை போட வேண்டும் என்று சென்ற ஆண்டு செயலவையில் பேசப்பட்டது. அதற்குக் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். மூவாரிலிருந்து வந்த பிறகு, நானே எழுந்து, அந்த முடிவை ஒரு வருடம் தள்ளி வைக்க வேண்டும் என்று கேட்டுக் கொண்டேன். விவாதம் சூடாகத்தான் நடந்தது. "அம்மனுக்கு என்று கொடுத்த பணத்தை வேறு வழியில் செலவிடலாமா?" என்று ஒரு மூத்த உறுப்பினர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆகவே தரைக்கென்று வந்த நன்கொடையில் ஒரு காசும் எடுக்கவில்லை. அது வங்கியில் அப்படியே இருக்கிறது. பொது வருமானத்தின் மிச்சத்தில் மட்டும் ஒரு பகுதியை ஒதுக்கித் தொழிற்பயிற்சி உதவி நிதி தொடங்கப்பட்டது. அந்த மூத்த உறுப்பினரே முதல் நன்கொடை கொடுத்தார் என்பதை மகிழ்ச்சியோடு தெரிவிக்கிறேன்.

இவ்வாண்டு எட்டுப் பிள்ளைகள் விண்ணப்பித்தார்கள். ஐவரை அனுப்பி வைத்தோம். மூவர் காத்திருக்கிறார்கள். அவர்களில் ஒரு பெண் பிள்ளைக்கு மரத்தளவாட வடிவமைப்புப் படிக்க ஆசை. இந்த மூவருக்கும் வழி பிறக்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு நேரம் உங்களைக் காக்க வைத்தேன்.

திருவள்ளுவர் ஈகைக்கென்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். நன்கொடை என்றால் பணம் மட்டும் என்று கொள்ள வேண்டாம். விண்ணப்பம் நிரப்பித் தர ஓய்வு பெற்றவர்கள் வேண்டும். என்னைப் போல் சும்மா இருக்கும் ஆசிரியர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறோம். பட்டறை, கடை வைத்திருப்பவர்கள் ஒரு பிள்ளையை ஆறு மாதம் வேலை பழக வைத்துக் கொள்ளலாம். கற்றுக் கொடுத்து வைத்துக் கொள்ளுங்கள். அதுதான் முக்கியம். அந்தக் கடைசி வரிசைப் பையனின் விரல்களை நினைத்துக் கேட்கிறேன்.

அவரிடம் விடைபெறும்போது, 1983இல் நான் சொன்னதற்காக மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் பழசு சார்" என்றார். பிறகு சற்று நின்று, "அப்பா கடைசி வரைக்கும் அதைச் சொல்லிக்கிட்டிருந்தாரு சார்" என்றார். அந்தத் தந்தை 1994இல் காலமானார். அவரிடம் நான் மன்னிப்புக் கேட்க இயலாது. இங்கே, அம்மன் சந்நிதியில், உங்கள் முன்னிலையில் கேட்டுக் கொள்கிறேன்.

இன்றைய அன்னதானத்துக்கு அமரும்போது, உங்கள் நாற்காலியின் பின்காலைச் சற்றே தடவிப் பாருங்கள். முண்டு தட்டுப்பட்டால், நம் பெற்றோர் கைப்பட்ட மரம் அது என்று எண்ணிக் கொள்ளுங்கள். உண்டு முடித்ததும், நிதிக்கான உண்டியல் வாசலில் வலப்புறம் வைக்கப்பட்டிருக்கிறது.

அனைவருக்கும் அன்னையின் அருள் கிட்டுவதாக.